யூதருடைய ராசா எந்த ஜாதி

பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் யூதர் தலைவன் வேஷம் கட்ட, ஹட்டனுக்கும் றொசல்லவுக்கும் இடையில் இருந்த எந்தத் தோட்டத்திலும் எனக்கு ஈடாக ஓர் ஆள் இருக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதாக இருந்தால் வேறு எவ்வளவோ இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஹட்டனில் சொந்தமாக, பலகை அறுத்து விற்கிற மரக்காலை வைத்திருக்கிறேன். பட்டம் வாங்கிய மாப்பிள்ளைமார் என் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதலாம். இப்போது எழுத வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தலையில் இடி விழுந்த கதை. வயது இத்தனை ஆகியும் அந்த அதிர்ச்சி என்னை விட்டு முழுசாகப் போகவில்லை.

இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று சட்டம் போட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் அப்போது பெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சன். தோட்டத்தில் பெரும்பாலும் மாரியம்மன் கும்பிடுகிற குடும்பங்கள்தான். சேசுவைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பங்கள் நாங்கள் கடைசி இரண்டு லயத்து வரிசை வீடுகளில் மட்டும் இருந்தோம். ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் யாரும் ஜாதி மதம் பார்ப்பதில்லை, மாரியம்மன் கோயில் பூசாரி முதல் ஆளாக வந்து முன்வரிசையில் சாக்கை விரித்துக்கொள்வார். பெரட்டுக் களத்தில்தான் மேடை. தினமும் விடிகாலையில் கங்காணிமார் பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரித்து விடுகிற அதே இடத்தில்தான் சேசுநாதரையும் சிலுவையில் அறைவோம்.

மேடைச் சாமான் எல்லாம் என் கைவேலை. சிலுவை நான் செய்தது. யூதர் தலைவனாக நான் கட்டுகிற ஆசாரியனின் மார்க்கவசம், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் நான் வெட்டியது. வெயில் பட்டால் கண் கூசும். தாடிக்குக் கயிற்று நார். கோதுமை மாப் பசையில் கடதாசியை ஊறவைத்து, கழுகு மூக்கு மாதிரி நீளமாக வளைத்து ஒரு மூக்கும் செய்துகொள்வேன். யூதனுக்கு அப்படித்தான் மூக்கு இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னது? தெரியாது. எனக்கு முன்னால் கட்டியவன் அப்படித்தான் கட்டினான். சிலுவையின் உச்சியில் அடிக்கிற பலகையிலும் நானே சாயம் தொட்டு எழுதுவேன். எங்களுக்கு வேதம் சொல்லித் தருகிற உபதேசியார் சிலேட்டில் எழுதிக் கொடுத்த எழுத்தைப் பார்த்து அப்படியே இறக்குவேன்: நசரேத்தூர் சேசு, யூதருடைய ராசா.

யூத வேஷத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை வேஷம் கட்டியவன், மறுநாள் சனிக்கிழமை காலையில் கோயில் மணி மறுபடி அடிக்கும் வரை எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. வேஷத்தைக் கழுவிவிட்டாலும் கூடாது. தீட்டு ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசல் கல்லில் வைத்துவிட்டுப் போவார்கள். படுக்கை பெக்டரிச் சாய்ப்பில். நாடக முடிவில் சனம் எல்லாம் கம்பும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு எங்களை ஓடைவரைக்கும் துரத்தும். "யூதனை அடி! யூதனைக் கொல்லு!" என்று மலையே எதிரொலிக்கும். நாங்கள் ஓடைத் தண்ணீரில் குதித்த பிறகுதான் திரும்பிப் போவார்கள். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் துரத்துவார்கள், ஆனால் இரண்டொரு அடி நிஜமாகவே விழும். அதுவும் எனக்கு ஒரு பெருமைதான். நன்றாக நடித்தவனுக்குத்தான் அடி விழும்.

யூதன் என்றால் யார் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். அசுரன் மாதிரி ஒரு ஜாதி. சேசுநாதரைக் கொன்றார்கள், சாபம் வாங்கினார்கள், பூண்டோடு அழிந்துபோனார்கள். கோயிலிலும் அதற்குத் தகுந்த மாதிரித்தான் நடக்கும். வெள்ளிக்கிழமைப் பூசையில் பங்குச் சாமி லத்தீனில் ஒவ்வொரு கூட்டத்துக்காகவும் மன்றாடுவார். பாப்பரசருக்காக, ராசாவுக்காக, நோயாளிக்காக. ஒவ்வொன்றுக்கும் முழங்காலில் விழுந்து எழும்புவோம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உபதேசியார் கையை நீட்டி, "நில்லு, நில்லு, இது யூதனுக்கு, முட்டி போடாதே" என்று தடுப்பார். அழிந்துபோன ஜாதிக்கு எதற்கு மன்றாட்டு என்று நான் யோசித்ததே இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததே என்றுதான் நினைத்தேன்.

இனி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதித் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து போவார். நாங்கள் டாக்டர் தொரை என்போம். ஆனால் தொரைமாருக்குரிய லட்சணம் ஒன்றும் அவரிடம் இல்லை. கிளப்புக்குப் போகமாட்டார். தொரைமார் கோயிலுக்கும் போகமாட்டார். கொழுந்து எடுக்கிற பொம்பளைகளைப் பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவார். லயத்து வாசல் கல்லில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை எங்கள் தகரப் பேணியிலேயே குடிப்பார். அரைகுறைத் தமிழும் பேசுவார். "தொரை எந்த நாடு?" என்று ஒரு தடவை நானே கேட்டேன். வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. "நாடு இல்லை" என்றார். "அப்படின்னா நீங்க எங்க ஆளுதாங்க தொரை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பேணியிலிருந்த தேத்தண்ணி சட்டையில் சிந்தியது.

என் மனைவிக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோதே போய்விட்டன. இந்தப் பிள்ளையும் வயிற்றில் குறுக்கே கிடக்கிறது என்றார் டாக்டர். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், நானே கூட இருப்பேன், பயப்படாதே என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்ததும் அவள் முகம் தெளிந்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் மாதாவுக்கு அடுத்தபடி அந்த மனுசனைத்தான் நம்பினாள்.

என் மாமியாருக்கு வேறு கணக்கு. நாடகத்தில் தீர்ப்புச் சொல்கிற பிலாத்துவுக்கு முன்னால் நின்று நான் முழங்குகிற வசனம் ஒன்று உண்டு: இந்தப் பழி எங்கள் தலையிலும் எங்கள் பிள்ளைகள் தலையிலும் விழட்டும். அதில்தான் என் பேரே நின்றது. கேட்கிற சனத்துக்கு மயிர் கூச்செறியும். "மாப்பிள்ள, வருசா வருசம் பிள்ளைங்க தலையில பழி விழட்டும்னு கத்துற வாய்க்குப் பிள்ளை எப்படிங்க தங்கும்?" என்று அவர் அழுவார். நான் கேட்கவில்லை. தோட்டத்தில் எனக்குப் பெரிய ஆள் என்ற மரியாதை வந்ததே அந்த வசனத்தால்தான், விட முடியுமா?

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் என் மனைவியைப் பார்க்க வந்திருந்தார். நான் விடவில்லை. "எங்க நாடகத்தைப் பார்த்துட்டுத்தான் போகணும்" என்று மறித்தேன். என்ன நாடகம் என்று, தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கிற டிஸ்பென்சரிடம் கேட்டார். டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்து மனிதர், சைவக்காரர், என்றைக்கும் வெள்ளைக் காற்சட்டை. அவர் ஏதோ இங்கிலீசில் சொன்னார். டாக்டர் போவதற்கு மருந்துப் பையை எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு ஆசையாகக் கேட்டேனோ, "சரி" என்று தலையை ஆட்டிவிட்டார். டிஸ்பென்சர் மட்டும், "உனக்கு வேற வேலை இல்லையா, மனுசனை விடன்" என்று முணுமுணுத்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். தொரை ஒருவர் பார்க்கிறார் என்றதும் எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டது. அன்றைக்கு நடித்த மாதிரி நான் அதற்கு முன்னும் நடித்ததில்லை. மூக்கை ஆட்டினேன். கையைப் பிசைந்தேன். பழி வசனத்தை டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்தே முழங்கினேன். பொம்பளைகள் மண்ணை வாரி எறிந்தார்கள். "நாசமாப் போவே, உன் கை அழுகிப் போகும்டா யூதா!" என்று என் பக்கத்து வீட்டுக்காரியே கத்தினாள். காலையில்தான் எனக்குத் தேத்தண்ணி தந்தவள். டாக்டர் கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்திருந்தார். நாடகத்தில் ஒன்றிப்போய்விட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

சேசுவின் தலை சாய்ந்தது. அன்றைக்கு மணி அடிக்கக்கூடாது என்பதால் மரக்கிலுக்கு கடகடவென்று அடித்தது. வழக்கம் போல் சனம் எழும்பியது. கம்பு, விளக்குமாறு, கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலார். "யூதனைக் கொல்லு!"

டாக்டர் எழும்பினார். திரும்பிச் சனத்தைப் பார்த்தார். அப்புறம் ஓடினார்.

தொரை ஒருவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. தொரைமார் நடப்பார்கள், குதிரையில் போவார்கள், காரில் போவார்கள். ஓடுவது நாங்கள்தான். இவர் தொப்பியை விட்டார், மருந்துப் பையை விட்டார், தேயிலைக்குள் பாய்ந்து, செடியில் கால் தடுக்கி விழுந்து எழும்பி, கீழே ஓடைப் பக்கமாக ஓடினார். சனம் முதலில் கவனிக்கவில்லை, எல்லோரும் எங்களைத்தான் துரத்தினார்கள். அதுவும் அதே பக்கம். ஆக, முன்னால் டாக்டர், அவருக்குப் பின்னால் யூத வேஷத்தில் நான், எனக்குப் பின்னால் கம்போடு தோட்டமே வருகிறது. அவர் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது அதுதான்.

அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கையை விரித்து நின்று, "நில்லுங்க! போதும்! தொரைக்கு முடியல!" என்று கத்தினேன். என் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை, சனம் அப்படியே நின்றது. நான் மட்டும் கீழே இறங்கினேன்.

ஓடையின் மேல் பாதை போகிற இடத்தில் ஒரு போக்கு உண்டு, பாதைக்கு அடியில் தண்ணீர் போகக் கல்லால் கட்டியது. அதற்குள் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தார். பெரிய படிப்புப் படித்த மனுசன், மழை ஈரத்தில் குட்டி நாய் நடுங்குகிற மாதிரி நடுங்கினார். "தொரை" என்றேன். நிமிர்ந்து என் மூக்கைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அதற்குள் டிஸ்பென்சர் பையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்துவிட்டார். "முதல்ல உந்த மூக்கைக் கழட்டடா, மடையா!" என்றார்.

"எதுக்குங்க ஐயா?"

"எதுக்கோ? அந்தாள் ஒரு யூதர். விளங்குதோ? யூதர்!"

நான் சிரித்தேன். மரியாதை இல்லாத சிரிப்பு இல்லை, விளங்காத சிரிப்பு. "யூதங்கதான் செத்து அழிஞ்சுட்டாங்களே ஐயா. இவரு டாக்டரு."

"எங்கயடா அழிஞ்சவை? ஹிட்லர் அழிக்கப் பாத்தவன். இவற்ற தாய், தமக்கை, பெண்சாதி எல்லாரையும் கொண்டுபோனவன். இவர் ஒராள்தான் கப்பலேறித் தப்பி வந்தவர்."

அசுரன் ஒருவன் உயிரோடு, கோட்டுப் போட்டுக்கொண்டு, எங்கள் பேணியில் தேத்தண்ணி குடித்திருக்கிறான் என்பதா அதிர்ச்சி, அந்த அசுரனை விட நல்ல மனுசனை நான் கண்டதில்லை என்பதா அதிர்ச்சி? எனக்குத் தெரியவில்லை. மூக்கைப் பிய்த்தேன். பசை காய்ந்து ஒட்டியிருந்ததால் பாதிதான் வந்தது.

டாக்டர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார், டிஸ்பென்சர் தமிழில் சொன்னார். அவருடைய ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் யூதர் வீடுகளில் கதவைப் பூட்டி, சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். கோயிலில் பூசை முடிந்து வருகிற சனம் கம்போடு அவர்கள் தெருவுக்குள் இறங்குமாம். அவருடைய தகப்பனின் பல்லை உடைத்தது அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. "அது நாடகம் இல்லை" என்று டாக்டரே தமிழில் சொன்னார்.

"நாங்க உங்களைச் சொல்லலிங்க தொரை" என்றேன். "சேசுநாதரைக் கொன்ன யூதங்களைத்தான்…"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சேசு யார்?"

"கடவுளோட மகன்."

"எந்த ஜாதி?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. படத்தில் பார்த்தால் வெள்ளைக்காரர், தொரைமார் மாதிரிச் செம்பட்டை முடி. அதையே சொன்னேன்.

"சேசு யூதன்" என்றார் டாக்டர். "அம்மா யூதன். பேதுரு யூதன். எல்லாம் யூதன். நீ பலகை எழுதினாய். வாசித்துச் சொல்."

யூதருடைய ராசா. வருசா வருசம் என் கையால், ஒரு சுழி பிசகாமல் எழுதியது. அதில் என்ன புரிந்து வைத்திருந்தேன்? சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு ராசா என்றால் இங்கிலீசுக்காரன். தோட்டத்துக்குத் தொரை என்றால் வெள்ளைக்காரன். எங்களை ஆள்கிறவன் எங்கள் ஜாதியில் இருந்து வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஆகவே யூதருக்கு ராசா என்றால், யூதன் அல்லாத ஒருவர் மேலே இருந்து அவர்களை ஆள வந்தார், அந்தக் கீழ்ஜாதிகள் எதிர்த்துக் கொன்றுவிட்டார்கள், இதுதான் நான் எழுதிய பலகைக்கு என் அர்த்தம். என் ஒருவனுடையது மட்டுமா? இரண்டு லயத்துக்கும் அதே அர்த்தம்தான். கூலி தொரையை அடித்துவிட்ட கதையாகத்தான் சேசுநாதர் கதையை அத்தனை பேரும் அழுது அழுது பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் போக்குக்குள் நின்றபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அப்போது மேலேயிருந்து உபதேசியார் ஓடிவந்தார். "தம்பி! உன் சம்சாரத்துக்கு வலி கண்டுருச்சு! கூட்டத்துல இடிபட்டு விழுந்துட்டா, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. மருத்துவச்சியும் ஹட்டன் கோயிலுக்குப் போயிட்டா!"

டாக்டர் எழும்பினார். நடுங்கிக்கொண்டிருந்த அதே மனுசன் டிஸ்பென்சர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் மேடு ஏறினார். ஏறும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வெளியில் இருந்தபடியே கையால் திருப்பப் பார்க்க வேண்டும் என்றார். திரும்பாவிட்டால்? டிஸ்பென்சர், "முதல்ல நடவடா" என்று என்னை முன்னே தள்ளினார்.

நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. டிஸ்பென்சர் என்னிடம் கத்தியதை ஓடைக்கரையில் நின்ற யாரோ கேட்டிருக்கிறார்கள். மாமியார் கதவை அடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கையில் செபமாலை.

"அவரு உள்ள வரக்கூடாது மாப்பிள்ள."

"அத்தை, விலகுங்க."

"கர்த்தரைக் கொன்ன கை அது. அந்தக் கை என் பிள்ளை வயித்துல படக்கூடாது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை மாப்பிள்ள! இன்னைக்கா? நீங்க கூப்பிட்ட பழி உங்க வாசலுக்கே வந்து நிக்குது, பாருங்க!"

நான் அவரை ஒரு கையால் தூக்கி அப்புறம் வைத்திருப்பேன், அப்போது எனக்கு அந்தப் பலம் இருந்தது. ஆனால் கால் வாசல் கல்லைத் தாண்டவில்லை. நானும் வேஷத்தில் இருந்தேன். மணி அடிக்காமல் நான் உள்ளே போனால் அந்தத் தீட்டில் பிள்ளை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் இரண்டையும் புதைத்த கை இது. மழை பிடித்துக்கொண்டது. வேஷம் கட்டிய யூதனும் நிஜ யூதரும் ஒரே வாசலில் நனைந்துகொண்டு நின்றோம். உள்ளே அவள் கத்துவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"அத்தை, சேசுவும் யூதராம்" என்றேன்.

"வாயைக் கழுவுங்க!"

"மாதாவும் யூதப் பொம்பளையாம். உபதேசியாரைக் கேளுங்க."

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். மழையில் குடை இல்லாமல் நின்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் அவர் சொன்னதுதான் வேதம். தொண்டையைக் கனைத்தார்.

"ஆமா" என்றார். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. அவங்க யூத வம்சம்தான்."

மாமியார் செபமாலையில் தொங்கிய சிலுவையை, அதில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தார். அறியாத ஓர் ஆள் கையில் ஏறி உட்கார்ந்திருந்த மாதிரிப் பார்த்தார். "இத்தனை வருசமா இதை ஏன்யா எங்களுக்குச் சொல்லல?"

"பிரசங்கத்துல சொல்ற வழக்கம் இல்லீங்களே. நீங்களும் யாரும் கேக்கல."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. வலிக்கு நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் தெளிவாக. "அம்மா. மாதாவுக்கு மாட்டுக் கொட்டில்ல வலி வந்தப்போ பக்கத்துல யாரும் இருந்திருந்தா, அவங்களும் யூதங்கதானே? வழியை விடு. தொரையை உள்ள வரச் சொல்லு."

மாமியார் விலகவில்லை. அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரைத் தாண்டிப் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றார். அவராக நகரும் வரைக்கும் நின்றார். நகர்ந்ததும் உள்ளே போய், "நீ வா. பிடிக்க ஆள் வேணும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

"தொரை, நான் வேஷத்துல…"

"நானும்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. தாடியோடு, பாதி மூக்கோடு, மார்பில் ஈயத்தாள் சரசரக்க உள்ளே போனேன். கட்டுப்பாடு ஏற்பட்ட நாளில் இருந்து அப்படிப் போனவன் நான் ஒருவன்தான். என் மனைவி என்னைப் பார்த்து, அந்த வலியிலும், "ஐயோ, பிள்ளை பயந்து உள்ளேயே இருந்துரப் போகுது" என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கையை எங்கள் அடுப்புச் சுடுதண்ணியில் கழுவினார், மருந்தில் தோய்த்தார், வயிற்றில் வைத்தார். மரவேலை தெரிந்தவன் நான், கையைப் பார்த்தால் ஆளைச் சொல்வேன். அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. கொஞ்சமும் அவசரம் இல்லை. ஒரு பக்கம் அணைத்து, மறுபக்கம் தள்ளி, நின்று, காத்திருந்து, மறுபடி தள்ளினார். அவர் உதடு ஏதோ பாஷையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மந்திரமா, கணக்கா, திட்டா, இன்றைக்கும் தெரியாது. ஒரு தருணத்தில் அவள் வயிறு அலை புரண்ட மாதிரிப் புரண்டதை என் கண்ணால் கண்டேன்.

"வந்தது" என்றார்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் பிள்ளை பிறந்தது. பெண். நீலமாக இருந்தது, அழவில்லை. டாக்டர் அதன் வாயை விரலால் துடைத்து, முதுகில் தட்டி, ஊதினார். பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது அழுத அழுகை லயத்துக் கூரைத் தகரத்தில் அடித்த மழையையே அமுக்கிவிட்டது. தொண்டை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பல வருசம் கழித்து, அறுபதுகளின் நடுவில், ஹட்டன் கோயிலில் சாமி பிரசங்கம் வைத்தார். யூத ஜாதி முழுவதன் மேலும் சேசுநாதர் மரணத்துக்குப் பழி போடக்கூடாது என்று ரோமாபுரியில் பெரிய கூட்டம் கூடி முடிவெடுத்திருக்கிறார்களாம். எல்லோரும் ஆச்சரியமாகக் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தவரிடம், "ரோமாபுரிக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே எங்க லயத்துக்குத் தெரியும்" என்றேன். அவர் நான் பெருமை பேசுகிறேன் என்று நினைத்தார். பேசினேன்தான். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில், அன்றைக்கு அந்த வாசலில் கண்டது அப்படியே கிடக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் பையை மூடிக்கொண்டு கதவைத் திறந்தார். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. வாசலில் தோட்டமே நின்றது. பிள்ளையின் சத்தம் கேட்டு வந்தவர்கள். பூசாரியும் நின்றார், மண் எறிந்த பக்கத்து வீட்டுக்காரியும் நின்றாள். யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை, அதனால் கையிலிருந்த கம்பும் மிலாரும் அப்படியே இருந்தன.

டாக்டர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "அவங்க எதுக்கு?" என்றார்.

"பிள்ளையைப் பார்க்கத்தாங்க தொரை. உங்களைக் கும்பிடத்தான்."

"கம்பு?"

அதுவரைக்கும் அது என் கண்ணில் படவே இல்லை. "கம்பைக் கீழ போடுங்க எல்லாரும்!" என்று கத்தினேன். போட்டார்கள். கல்லில் கம்புகள் விழுந்த சத்தத்துக்கே அவர் தோள் துள்ளியது. சனம் இரண்டு பக்கமும் விலகிக் கைகூப்பி நின்றது. சிலர் அழுதார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையால் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார், ஈயத்தாள் கிழிகிற அளவுக்கு. கார் நின்ற பாதைவரைக்கும் நான்தான் நடத்திக்கொண்டு போனேன். உள்ளே என் பிள்ளையைத் திருப்பிய அந்தக் கை, சாவியைக் கார்க் கதவில் வைக்கப் பார்த்தது, முடியவில்லை. வாங்கி நான் திறந்துவிட்டேன்.